தரையைத் தொடுகிற நிழல்

முதலில் சத்தம்தான் கேட்டது. பித்தளையைக் கரண்டியால் அடிக்கிற சத்தம், டங் டங்கென்று, கோபமாக, நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் டங். இரவெல்லாம் பேக்கரி அடுப்பின் வாயில் நின்றுவிட்டு விடிந்து வந்து படுக்கிறவனுக்குப் பகலில் வருவது தூக்கமில்லை, தூக்கம் மாதிரி ஒன்று. அதிலிருந்து எழுந்து வர எனக்கு மனமில்லை.

"மருதாசலம்! டேய் பன்னுக்காரா! எந்திரிச்சு வா. என்ற போசிய என்ன பண்ணித் தொலைச்சே?"

பக்கத்து வீட்டு ரங்காத்தாள் அக்கா. அவளுடைய பித்தளைத் தூக்குப் போசியை, பிடி வைத்த சோற்றுத் தூக்கை, படம் வரைவதற்காக இரண்டு வாரம் முன்பு கடன் கேட்டு வாங்கி, இரண்டு வரிசை வீடுகளுக்கும் நடுவில் இருக்கிற சந்தில், வெயில் நேராக விழாத ஓரத்தில், ஒரு முக்காலி மேல் வைத்திருந்தேன். பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம், ஒரு பன். நான் வெளியே வந்து பார்த்தபோது அக்கா முக்காலியை உருவி ஒரு பக்கம் போட்டிருந்தாள். பன்னும் எலுமிச்சையும் அவள் மடியில் இருந்தன. போசி மட்டும் முழங்கால் உயரத்தில், காற்றில், வைத்த இடத்திலேயே நின்றது.

"எறங்க மாட்டேங்குது," என்றாள், டவுன் பஸ் நிற்காமல் போய்விட்டது என்று சொல்கிற குரலில்.

நானும் இழுத்துப் பார்த்தேன். பிடியில் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை.

"சித்தெ பொறுங்கக்கா," என்றேன்.

எண்ணெய் வர்ணத்துக்கு நான் புதிது. அதற்கு முன்னால் பிஸ்கட் அட்டைப் பெட்டிகளின் உள்பக்கத்தில் தண்ணீர் வர்ணத்தில்தான் எதையாவது வரைந்துகொண்டிருப்பேன், யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, பகல் போகவேண்டுமே என்று வரைவது. காயலான் கடையில் ஒரு பெட்டி நிறைய டியூப் கிடந்தது, பாதி கல்லாகியிருந்தது, மீதிப் பாதிக்காக அதை எடுத்துவந்து, மைதா வந்த துணிச் சாக்கைப் பிரித்து, பசை பூசி, பழைய ஜன்னல் சட்டத்தில் இழுத்து ஆணியடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, எனக்கு எலுமிச்சையே தெரியாது என்று. மஞ்சள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நிழல் பக்கம் அது பச்சை, போசிக்கு அருகில் பழுப்பு, மேலே ஒரு பொட்டு மட்டும் வானத்தின் நிறம். போசியின் வயிற்றில் பித்தளை நிறம் கொஞ்சம்தான் இருந்தது. மிச்சமெல்லாம் எங்கள் சந்து, எதிர் வீட்டுக் கொடியில் காய்ந்த பாவாடை, பனியனோடு குந்தியிருக்கிற நான். பார்க்கிறதைப் போடு, தெரிந்ததைப் போடாதே என்று கை ஒவ்வொரு நாளும் அழித்து அழித்துக் கற்றுக்கொண்டது. அப்படியும் படத்தில் போசி மிதந்தது. என்ன செய்தாலும் உட்காரவில்லை. கடைசியில், அது முக்காலியைத் தொடுகிற இடத்தில் மயிர் அளவுக்கு ஒரு இருட்டு இருப்பது கண்ணில் பட்டது. கறுப்புகூட இல்லை, கறுப்புக்கும் ஊதாவுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. அந்தக் கோட்டை வைத்தேன், போசி சட்டென்று உட்கார்ந்தது. அன்றைக்கு வேலைக்குப் போகும்போது சந்தோஷமாக இருந்தேன். மறுநாள் காலைதான் அக்கா கரண்டியோடு வந்தாள்.

லைன் முழுக்க வந்து பார்த்தது. மில் மூடி, சங்கு நின்று, மிஷின்களையெல்லாம் கழற்றி எடுத்துக்கொண்டு போன பிறகும் எங்கேயும் போகாமல் அந்த லைன் வீடுகளிலேயே தங்கிவிட்டவர்கள் நாங்கள். எதற்கும் அவ்வளவு சீக்கிரம் வாயைப் பிளக்கிறவர்கள் இல்லை. முதல்நாள் பார்த்தார்கள், அடுத்த நாள் இடித்துக்கொள்ளாமல் நடக்கப் பழகினார்கள், அதற்கடுத்த நாள் போசி எங்களில் ஒருவர் ஆகிவிட்டது. தையல் மிஷின் வைத்திருக்கிற ஜமீலா அதன் பிடியில் வெட்டின ஜாக்கெட் துணியைத் தொங்கவிட்டாள். மில்லில் டைம்கீப்பராக இருந்து ஓய்ந்த வெள்ளிங்கிரி மாமா குனிந்து செருப்பு மாட்டும்போது அதைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் அதைச் சுற்றி ஓடினார்கள். ஒரு காக்கை அதன் மூடிமேல் உட்கார்ந்து எல்லார் வீட்டு விசேஷத்தையும் கத்திச் சொன்னது. அக்கா அதை அங்கேயே கழுவினாள், அங்கேயே அதில் புளிச்சோறு கிளறினாள், குனிந்து குனிந்து இடுப்பு நோகிறது என்று என்னைத் திட்டிக்கொண்டே கிளறினாள். இரண்டு தெரு தள்ளியிருந்து ஒரு குடும்பம் தட்டில் கற்பூரத்தோடு வந்தபோது அவர்களை சந்து முனையிலேயே மறித்தாள்.

"இது சோறு கொண்டுபோற போசி. கற்பூரம் கொளுத்தோணும்னா உங்கூட்டுப் போசிக்குக் கொளுத்துங்க, போங்கொ."

பிறகு ஒரு மத்தியானம் அது தானாக விழுந்தது. ஓடிப்போய்ப் படத்தைத் தொட்டேன், அந்த மெல்லிய கோடு காய்ந்திருந்தது. போசி உருண்டு ஜமீலாவின் வாசலில் போய் நின்றது. அவள் எடுத்து மண்ணைத் தட்டி அக்காவிடம் கொடுத்துவிட்டு மறுபடி மிஷினை மிதித்தாள்.

"ஈரம் இருக்கற மட்டும் பிடிவாதம்," என்றார் வெள்ளிங்கிரி மாமா. "நானும் அப்படித்தான் இருந்தேன்."

திருமூர்த்தி வந்தது அந்த மாதத்தில்தான். மில்லையும் லைனையும் சேர்த்து வாங்கியிருக்கிறவருடைய ஆள். நல்ல மரியாதைக்காரர், வீட்டை இடிக்கப்போகிறேன் என்பதைக்கூட ஒரு 'ங்க' குறையாமல் சொன்னார். மில் மூடினபோது இந்த வீடுகள் உங்களுக்குத்தான் என்று பழைய முதலாளி எல்லார் முன்னாலும் வாயால் சொன்னதைச் சொன்னோம். வாயால் சொன்னதெல்லாம் வாயோடுங்க, என்றார்.

"சாமானையெல்லாம் நீங்களே எடுத்துட்டீங்கன்னா எங்களுக்கும் சங்கடம் இல்லைங்க. இல்லாட்டி எங்க பசங்க எடுத்து வெளிய வெப்பாங்க. எப்படியும் ஆடி முடிஞ்சா பொக்லைன் வந்துருமுங்க."

அவர் போனதும் அக்கா என் வீட்டுக்குள் வந்து, இன்னும் காயாமல் கிடந்த என் வர்ணத் தட்டையும் தூரிகைகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் வேறு கூரையடியில் படுத்ததில்லை. அவள் புருஷன் பழனிச்சாமி அண்ணன் இருந்த காலத்தில் மில் ஸ்பின்னிங்கிலிருந்து வந்து சட்டையைத் தட்டினால் பஞ்சு பறந்த வாசல் அது. இப்போதும் சுவர் இடுக்கில் குச்சியைவிட்டால் பஞ்சு வரும்.

"ஊட்டை இடிக்கோணும்னா சாமானை எடுக்கோணும்," என்றாள். "சாமானை எடுக்க முடியாட்டி?"

"அக்கா…"

"என்ன நொக்கா? ஒரு போசிய நிக்க வெச்சயல்ல? லைனையே நிக்க வெய்யி."

பகலில் எனக்குத் தூக்கம் என்று ஒன்று இருந்தது அதோடு போயிற்று. வீடு வீடாகச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். வேளைக்கு வேளை வெளிச்சம் மாறிவிடும் என்பதால் ஒரு வீட்டுக்குக் காலை, ஒரு வீட்டுக்கு மத்தியானம், ஒவ்வொரு நாளும் அதே வீட்டுக்கு அதே வேளை. காய்ந்துவிடாமல் இருக்க வழி, பல்வலி சொல்லித் தந்தது: வலிக்கு வைத்த கிராம்பு எண்ணெய் தட்டில் சொட்டி, அந்த மூலையில் இருந்த வர்ணம் மட்டும் நாள் கணக்கில் விரலில் ஒட்டிக்கொண்டே இருந்தது. நாட்டு மருந்துக் கடையில் இருந்த கிராம்பு எண்ணெய் முழுக்க எங்கள் லைனுக்கு வந்தது. லைன் முழுக்க பல் டாக்டர் வீட்டு வாசனை.

கஷ்டம் வர்ணத்தில் வரவில்லை, வீட்டுக்காரர்களிடமிருந்து வந்தது. வெள்ளிங்கிரி மாமா தன் இரும்புக் கட்டிலைப் போடச் சொன்னார், ஆனால் உடைந்த காலுக்கு முட்டுக்கொடுத்திருந்த செங்கல் படத்தில் வரக்கூடாது என்றார். "டைம்கீப்பர் கட்டில்டா அது. செங்கல்ல நிக்குதுன்னு ஊருக்கெல்லாம் காட்டுவியா?" அக்கா வேறு ஒன்றில் பிடியாக நின்றாள். அவள் போசியில் 'வெ. பழனிச்சாமி, ஸ்பின்னிங்' என்று பெயர் வெட்டியிருக்கும். மில் கேன்டீனில் எல்லார் போசியையும் வரிசையாக வைத்துச் சுட வைப்பார்கள், எது யாருடையது என்று தெரிய ஒவ்வொன்றிலும் பெயர். வீட்டில் அது இருந்த அலமாரியில் பெயர் சுவரைப் பார்த்து இருந்தது.

"பேரு எனக்குத் தெரியலீங்கக்கா. அந்தப் பக்கமா இருக்குது."

"தெரியாதாமா! எத்தனை வருசம் அதுல சோறு தின்னே?"

"திருப்பி வெக்கட்டுங்களா?"

"இத்தனை வருசமா அது இருக்கற எடம் அதுதான். எடுத்துக் கழுவுனாலும் அவரு வெச்சபடியேதான் வெப்பேன். அதைத் திருப்பக்கூடாது, பேரும் தெரியோணும். பேரில்லாத பாத்திரத்தை எவன் வேணா எடுத்துட்டுப் போலாம், கேக்க முடியுமா?"

அது நியாயம்தான். விசேஷ வீட்டில் பாத்திரம் கலந்துபோனால் பெயரைத்தானே பார்ப்போம். எல்லா வீட்டிலும் அதே பேச்சு, எல்லாருக்கும் பெயர் தெரியவேண்டும். நான் வாயாடி வாயாடித் தோற்று, கண்ணில் பட்ட செங்கலை விட்டுவிட்டு, பார்க்காத எழுத்தைப் பார்த்த மாதிரி வரைந்தேன். முடிந்ததும் ஒவ்வொருவரும் தங்கள் சாமானை இட்லி வெந்ததா என்று பார்ப்பது போல இரண்டு விரலால் தொட்டு, நகரவில்லை என்று சந்தோஷப்பட்டார்கள். தன் சாமானை யார் பலமாக இழுப்பார்கள்?

ஜமீலா மட்டும் வேண்டாம் என்றாள். "என் மிஷின் ஓடணும் மருதண்ணே. நின்னுட்டா நாங்க நாலு பேரும் நின்னுருவோம்."

ஆடி முடிந்தது. திருமூர்த்தி ஆட்களோடு வந்து எல்லாருக்கும் வணக்கம் சொன்னார். அக்கா தன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "எடுங்க பாக்கலாம், உங்கப்பன் வந்தாலும் எடுக்க முடியாது," என்றாள். உள்ளே போன பையன் ஒருவன் போசியைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். அதன் பெயர் வெட்டின பக்கம் அப்போதுதான் வெளிச்சத்தில் பட்டது. நான் வரைந்திருந்ததில் எழுத்தின் சாய்வுகூடத் தப்பு, பார்க்காமல் போட்ட படம் அதைப் பிடித்து வைக்கவில்லை.

கட்டில் போயிற்று. குடங்கள், அண்டா, கிரைண்டர், டிவி, எல்லாம் சொன்னபடி கேட்டு நடந்தன. பொக்லைன் நுழைவதற்கு முன்னால் லாரியில் ஏற்றிவிடலாம் என்று சந்தின் வாயிலேயே கொட்டினார்கள், வேறு வழி அங்கே கிடையாது. கட்டில் மல்லாந்து கால்களை வானத்துக்கு நீட்டியது, அதன் கம்பிகளுக்கு நடுவில் ஜமீலாவின் மிஷின் ஒருக்களித்து விழுந்தது, அதன்மேல் அண்டா, அண்டாவுக்குக் கீழே போசி கவிழ்ந்து, விழுந்த வேகத்தில் ஒரு பக்கம் நசுங்கிக் கிடந்தது. அக்கா கையைக் கட்டினபடியே வாசலில் நின்றாள். நான் அந்தக் குவியலைப் பார்த்தேன், பார்க்கப் பார்க்க கட்டில் தரையைத் தொடுகிற இடத்தில் அந்த மயிரளவு இருட்டு தெரிந்தது.

உள்ளே போய்ச் சட்டத்தையும் தட்டையும் எடுத்துவந்து குவியலுக்கு எதிரில், ரோட்டுப் புழுதியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"என்னங்க பண்றீங்க?" என்றார் திருமூர்த்தி.

"படம் போடறனுங்க."

"இப்பவா?"

"வெயில் இப்பத்தானுங்க சரியா இருக்குது."

அவர் சிரித்தார், ஆட்களும் சிரித்தார்கள், லாரிக்காரன் பின்பக்கக் கதவைத் திறக்கப் போனான். நான் வடிவம் எதையும் போடவில்லை, நிறம் எதையும் குழைக்கவில்லை. எந்தப் பொருள் எதைத் தொடுகிறதோ அந்த இடத்து நிழலை மட்டும், கட்டில் மண்ணைத் தொடுகிற இடம், மிஷின் கம்பியைத் தொடுகிற இடம், அண்டா மிஷினைத் தொடுகிற இடம் என்று கீழிருந்து ஒவ்வொன்றாக வைக்க ஆரம்பித்தேன். வெள்ளிங்கிரி மாமா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"மருதாசலம், அந்தக் கட்டிலை மட்டும்…" என்று ஆரம்பித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வேண்டாம். கவுந்ததைக் கவுந்ததாவே போடு. உடைஞ்ச காலையும் போட்ரு."

ஜமீலா வந்து குந்தினாள். அவள் மிஷினின் சக்கரம் ஒடிந்து ஒரு பக்கம் தொங்கியது. அதைச் சரிசெய்து ஓட்டமுடியும். நான் நிழலை வைத்துவிட்டால் முடியாது. தூரிகையை அந்த இடத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தேன்.

"என்னை எதுக்கண்ணே பாக்கறீங்க?" என்றாள். "படத்தைப் பாருங்க."

வைத்தேன்.

கடைசியில் போசி. "அக்கா," என்றேன் திரும்பாமல், "பேரு மண்ணுப் பக்கம் போயிருச்சுங்க. ஒரு எழுத்துகூடத் தெரியலை."

பிறகு பக்கத்தில் அவள் புடவை உரசியது.

"தெரியாட்டி என்ன? தெரிஞ்சப்ப மட்டும் உட்டு வெச்சானுகளா? இருக்கறபடி போடு. அந்தச் சப்பை உழுந்தது இருக்குதல்ல, அதையும் போடு. இவனுக பண்ணுனதுதான அது, அதை எதுக்கு மறைக்கறது?"

ஆட்கள் கட்டிலின் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். தூக்கவில்லை. நான்கு பேர் பிடித்தார்கள். குவியலில் நான் பார்க்காமல் விட்ட ஒரு விளக்குமாறு மட்டும் அவர்கள் கையோடு வந்தது. அதைப் பத்திரமாக லாரியில் ஏற்றினார்கள். அப்புறம் திருமூர்த்தி பொக்லைனைக் கூப்பிட்டார். அது வந்து, கையை நீட்டி, பற்களைக் குவியலில் வைத்துத் தள்ளியது. இன்ஜின் அலறியது, பின் சக்கரம் இரண்டும் இருந்த இடத்தில் சுற்றிப் பள்ளம் பறித்தன, அண்டாமேல் இருந்த தூசிகூடக் கீழே விழவில்லை. தள்ளிப் பார்த்து, கொத்திப் பார்த்து, சுற்றிவர வழியிருக்கிறதா என்று பார்த்து, கடைசியில் டிரைவர் இறங்கிவந்து துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"வண்டிக்கு ஆகாதுங்க இது," என்றார் திருமூர்த்தியிடம். என்னிடம், "பன்னு இருக்குங்களாண்ணா? காத்தால இருந்து ஒண்ணும் திங்கலை," என்றார். இருந்தது, கொடுத்தேன்.

வீடுகள் சாமான் இல்லாமல் காலியாக நிற்கின்றன. நாங்கள் உள்ளே இருக்கிறோம். எங்கள் சாமான்கள் சந்தின் வாயில் இருக்கின்றன, நாங்கள் ஒருக்களித்து நுழைந்து போய் வருகிறோம். கேஸ் சிலிண்டர்காரர் முனையில் இறக்கிவிட்டுத் திட்டிக்கொண்டே போகிறார். லைனில் ஒரு கல்யாணம், கார் வெளியே நிற்க, பெண் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கட்டில் காலைத் தாண்டி வந்தாள். வெள்ளிங்கிரி மாமா வெறும் தரையில் படுக்கிறார், முதுகு வலி என்று ஊரையே கூட்டுகிறார், ஆனால் கட்டிலைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறார். ஜமீலா கையால் தைக்கிறாள், மிஷினில் ஓடினதில் பாதிகூட இல்லை, கண் எரிகிறது என்கிறாள். அவள் முன்னால் எவரும் நல்ல வார்த்தை சொல்லி ஆறுதல்படுத்தத் துணிவதில்லை. படத்துக்கு முறை வைத்திருக்கிறோம். எந்த வீட்டு முறையோ அவர்கள் மெல்லிய தூரிகையால் நிழல் கோடுகளுக்கு மட்டும் கிராம்பு எண்ணெய் தொட்டுவைக்கவேண்டும், எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். கோடு எங்கே போகிறது என்று குவியலைப் பார்த்துத்தான் வைக்கவேண்டும், படத்தைப் பார்த்து வைக்கக்கூடாது என்று அக்கா இப்போது மற்றவர்களை அதட்டுகிறாள். பல்வலிக்காரர்கள் எங்கெங்கிருந்தோ வந்து சந்து முனையில் வாயைத் திறந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிறார்கள்.

எனக்கு இன்னும் தூக்கம் வருவதில்லை. வராவிட்டால் போகிறது.

போன வாரம் திருமூர்த்தி மறுபடி வந்தார். இந்தத் தடவை தனியாக, குவியலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு பேசினார். இளைத்திருந்தார், அவருக்கு மேலே இருக்கிறவர்கள் அவரை என்ன சொல்கிறார்களோ.

"எத்தனை நாளைக்குங்க இப்படி? நானும் விசாரிச்சேன். எண்ணெய்தானுங்களே. என்ன பண்ணுனாலும் ஒரு நாளைக்குக் காஞ்சுதானுங்க ஆகோணும்."

"காயட்டும்," என்றாள் அக்கா. "காஞ்சா அதுக்கு மேலயே மறுக்கா போடுவான். இல்லடா மருதாசலம்?"

"போடலாமுங்க," என்றேன். "எண்ணெய் வர்ணத்துக்கு அதுதானுங்க சௌகரியம். மேல மேல போட்டுக்கலாம்."

"உங்க கை நின்னு போச்சுன்னா?"

"எங்க கையில்லையா?" என்றாள் ஜமீலா. வெள்ளிங்கிரி மாமா நடுங்குகிற தன் கையைத் தூக்கிக் காட்டி, அது நடுங்குவதைப் பார்த்துவிட்டு, இன்னொரு கையையும் தூக்கினார்.

திருமூர்த்தி கட்டில் காலில் கை வைத்துக்கொண்டு, முதலாளி நல்ல மனுஷர், வேறு இடம் பார்த்துத் தருகிறேன் என்கிறார், ஊருக்கு வெளியேதான், ஆனால் காற்றோட்டமான இடம் என்று விளக்க ஆரம்பித்தார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சந்தின் கோடியில் தண்ணீர்க் குழாய் இரண்டு தடவை இருமியது, காற்றைத் துப்பியது. எல்லாரும் திரும்பினோம். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றோம், முன்னால் நின்ற ஜமீலா முதலில் வந்த துருப்பிடித்த செந்தண்ணீரைக் கீழே விட்டு, தெளிந்ததும் குடத்தைக் குழாய்க்கு அடியில் நகர்த்தி வைத்தாள்.